அம்மிக்கு நுரை தள்ளிருச்சு

— நுரை தள்ளுதுங்கிறேன், நீ என்னமோ பால் பொங்குனாப்புல சாதாரணமா சொல்றியேம்மா! தாலி கட்டப் போற மண்டபத்துல அம்மிக்கு வாயில நுரை தள்ளுனா அது நல்ல சகுனமா?

— அம்மிக்கு ஏது மாமா வாயி? எலுமிச்சம்பழச் சாறு பட்டா உங்க ஊரு சுண்ணாம்புக்கல்லு பொங்கத்தான் செய்யும். செத்த நேரத்துல அடங்கிரும்.

— எலுமிச்சம்பழத்தை யாரு புழிஞ்சது?

— நான்தான்.

— கேட்டுக்கடி ரத்தினம்! மணவறைக்குப் போவ வேண்டிய பொண்ணு, பட்டுப்பொடவையும் பூ ஜடையுமா குத்துக்கால் போட்டுக் குந்திகிட்டு, மாப்பிள்ளை வூட்டு அம்மி மேல எலுமிச்சம்பழம் புழிஞ்சிருக்கு. நான் ஒண்ணும் கொறையா சொல்லல சுகன்யா. ஆனா இந்த அமிர்தலிங்கம் எத்தனையோ கல்யாணம் பாத்திருக்கேன், எந்தப் பொண்ணும் அம்மிக்கு ஜூஸ் குடுத்துப் பாத்ததில்ல. ஏன் ரத்தினம், நீ பாத்திருக்கியா?

— நான் ஒண்ணும் சொல்லலீங்களே.

— நீ சும்மா இரு. வெளியில என்னா நடக்குது தெரியுமாம்மா? உங்க பெரம்பலூர் பொம்பளைங்க அம்மன் எறங்கிருச்சுன்னு அந்த நுரையைத் தொட்டு நெத்தியில வச்சிக்கிறாளுவ. எங்க பங்காளிங்க, பொண்ணு அம்மிக்கே வெசம் வச்சிருச்சுங்கிறானுவ. ஜெயங்கொண்டத்துலேருந்து வந்த வேன் ரெண்டும் திரும்பிப் போறதுக்கு ஸ்டார்ட் பண்ணி நிக்கிது. உங்க தாய்மாமன் அரியமுத்து வேன் முன்னாடி கையைக் கையை விரிச்சுகிட்டு நிக்கிறாரு.

— மன்னிச்சிக்குங்க மாமா. அதாவது, படிச்ச படிப்பு அப்புடி. ஒரு கல்லைப் பாத்தா அது என்னா கல்லுன்னு தெரியாம எனக்குக் கை சும்மா இருக்காது. காலேஜா இருந்தா ஆசிட் விட்டுப் பாப்போம். இங்க ஆரத்தித் தட்டுல எலுமிச்சம்பழம்தான் இருந்துச்சு.

— ஆசிட் இல்லாம போச்சேன்னு நான் சந்தோசப்படணுமாக்கும்.

— அதுல கால வச்சு நிக்கப் போறது நான் இல்லீங்களா?

— ஆமாம்மா, நீதான் நிக்கணும்! உடையார்பாளையத்துலேருந்து குட்டியானை வண்டியில ஏத்தி, வைக்கோல் மெத்தை போட்டு, கொழந்தையக் கொண்டாராப்புல கொண்டாந்திருக்கேன். எங்க வூட்டுக்கு வாழ வந்தவ அத்தனை பேரும் மிதிச்ச கல்லு. எங்கம்மா மிதிச்சா. அவ மாமியா மிதிச்சா. இந்தா நிக்கிறாளே, இவ மிதிச்சா. "இந்தக் கல்லைப் போல மாறாம இரு"ன்னு ஐயரு சொன்னாரு. இன்னி தேதி வரைக்கும் மாறுனாளா? என்னைய எதுத்து ஒரு வார்த்தை? நீயே கேட்டுப் பாரு.

— நான் ஒண்ணும் சொல்லலீங்களே.

— பாத்தியா!

— அங்கதான் மாமா சிக்கலே. அதாவது, அது மாறாத கல்லு இல்ல. மழை பட்டா கரையும், புளி பட்டா கரையும். நடுவுல எவ்வளவு பெரிய பள்ளம் பாருங்க.

— அரைச்ச பள்ளம் அது.

— அரைச்சது பாதி, கரைஞ்சது பாதி. நீங்க புளித்தொவையல் அரைக்கும்போதெல்லாம் கொஞ்சம் கல்லும் தொவையலோட போயிருக்கு.

— போயின்னா, எங்க போச்சு?

— நீங்க சாப்ட்டுட்டீங்க மாமா.

— எங்க வம்சத்துல ஆம்பளைங்க அத்தனை பேருக்கும் கிட்னியில கல்லும்மா. எங்கப்பாவுக்குக் கல்லு, சித்தப்பாவுக்குக் கல்லு, எனக்கு ரெண்டு பக்கமும் கல்லு. திருச்சி டாக்டரு தண்ணி குடி, வாழைத்தண்டு தின்னுன்னு உயிரை வாங்குறாரு. கடைசியில அம்மியா!

— அதுக்கும் இதுக்கும் நேரா முடிச்சுப் போட முடியாதுங்க.

— நான் போட்டுட்டேன்.

— போடாதீங்க, தப்பு. ஆனா அதுல நத்தை இருக்கிறது நெசம்.

— எது இருக்கிறது?

— ஓரத்துல சுருளு சுருளா வட்டம் ஒண்ணு இருக்கில்ல?

— ஏம்மா, அது பெருமாள் சக்கரம். தை பொறந்தா பொட்டு வச்சுக் கும்பிடுறோம்.

— நத்தை மாதிரி ஒரு கடல் உசுரு மாமா. உங்க அரியலூரு பூரா ஒரு காலத்துல கடலு. அதுல செத்த சங்கு, கிளிஞ்சல், நத்தை எல்லாம் அடியில சேறோட படிஞ்சு படிஞ்சு, இறுகிக் கல்லாயிருச்சு. படிவுப் பாறைம்போம். அதைத்தான் நீங்க வெட்டி சிமிட்டிக்கு அனுப்புறீங்க.

— ரத்தினம், கேட்டியா! கடையில கேக்கு வாங்குனாக்கூட முட்டை இல்லாத கேக்கான்னு மூணு தடவை கேக்குற குடும்பம் நம்மளுது. சுத்த சைவம். நத்தை மேல சட்னி அரைச்சு விரதம் விட்டிருக்கோம்!

— நான் ஒண்ணும்...

— நீ சும்மா இரு! என் பங்காளிவொளுக்கு மட்டும் இது தெரிஞ்சுது, அப்பறம் என்னையத் தள்ளி வச்சிருவானுவ. மெதுவாப் பேசும்மா. சரி, உங்க ஊரு கல்லு மட்டும் என்னா ஒசத்தி? அது ஆட்டுக்கல்லா, மாட்டுக்கல்லா? அதுல என்னா செத்துச்சு?

— ஒண்ணும் சாகல. நான் ஒசத்தின்னு சொல்லல மாமா. அது வேற வகை. கல்லு மூணு விதம். உருகி ஆறுனது ஒண்ணு. உங்களுது மாதிரி படிஞ்சது ஒண்ணு. மூணாவது உருமாறிய பாறை.

— உருமாறியதா! ஏய் ரத்தினம், மாஸ்க்கு எங்கடி வச்ச?

— மாஸ்க்கு எதுக்கு மாமா?

— உருமாறியதுன்னா கொரோனாதானே? டிவியில அவ்வளவு நாளு படிச்சுப் படிச்சு சொன்னானே!

— ஐயோ மாமா, இது நோயில்ல. அதாவது, ஒரு கல்லு பூமிக்கு அடியில ரொம்ப ஆழத்துக்குப் போயிருது. அங்க சூடு தாங்காது. மேல மலையளவு பாரம். அந்தச் சூட்டுலயும் அழுத்தத்துலயும் கெடந்து கெடந்து, உருகாமலே, கல்லாவே இருந்துகிட்டு, உள்ளுக்குள்ள வேற கல்லா மாறிருது. உருகிட்டா அது முதல் வகைக்குப் போயிரும். உருகாம மாறணும், அதுதான் கணக்கு.

— உருகாம மாறுறதா. அது நம்ம ரத்தினம் மாதிரில்ல இருக்கு. இல்ல இல்ல, அவ மாறலியே. நீ மேல சொல்லு.

— எங்க பெரம்பலூரு பக்கத்துக் கல்லு பெரும்பாலும் அந்த வகைதான். ரஞ்சன்குடிக் கோட்டை குந்தியிருக்கிற பாறை, எங்க மாமா லாரியில ஜல்லியா போறது, எல்லாம். அதுல ஒண்ணுக்குப் பேரு நைஸ்.

— நைஸா? சொரசொரன்னுல்ல இருக்கும்!

— பேரே நைஸுதான் மாமா.

— என்னையவே நைஸ் பண்றியே நீ. சரி, எங்க சுண்ணாம்புக்கல்லை அப்புடி அடியில போட்டு அழுத்துனா என்னா ஆவும்? அதுக்கும் ஒரு பேரு வச்சிருப்பியே.

— சலவைக்கல்லு ஆவும்.

— எது, மார்பிளா? கோயில்ல, ஓட்டல்ல எல்லாம் போடுறாங்களே, அந்த மார்பிளா? எங்க அம்மிக்குள்ள அது இருக்குதா?

— இருக்குன்னு இல்ல. ஆவ முடியும். உள்ள இருக்கிற பொடிப் பரல் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கோத்துகிட்டுப் பெரிய பெரிய பரலாயிரும். பளபளங்கும்.

— அப்ப அந்த நத்தை?

— அடையாளமே இருக்காது.

— இருக்காதா? சத்தியமா இருக்காதா?

— இருந்த எடம் தெரியாது மாமா.

— அப்ப கல்லு சைவமாயிரும்! முடிஞ்சுது போ, இதுக்கா இவ்வளவு நேரம் அல்லாடுனோம்! மண்டபத்து பின்னாடி பந்தி அடுப்பு மூணு எரியுது. சாம்பார் அண்டாவை எறக்கிட்டு அம்மியை ஏத்து. சூடு ஆச்சா? அழுத்தத்துக்கு நம்ம குட்டியானை இருக்கு. பத்தாதுன்னா உங்க மாமனோட ஜல்லி லாரியை மேல ஏத்தி நிறுத்துவோம். முகூர்த்தத்துக்குள்ள மார்பிள் அம்மி!

— மாமா, அது பல மைல் ஆழத்துல, லட்சக்கணக்கான வருசம் ஆவுற வேலை.

— அவ்வளவு நேரமெல்லாம் ஐயரு இருக்க மாட்டாரு. அவருக்கு பத்தரைக்கு செட்டிகுளத்துல இன்னொரு கல்யாணம்.

— அதோட, அழுத்தம் இல்லாம வெறுஞ்சூடு மட்டும் குடுத்தீங்கன்னா அம்மி சுண்ணாம்பாயிரும். தாம்பூலத்துக்குத்தான் ஆவும்.

— ஐயோ, தாத்தன் பூட்டன் அம்மியை வெத்தலையில தடவித் தின்னுட்டு வந்தேன்னு ஊருக்குப் போயி சொல்லவா?

— அதுக்குத்தான் சொல்றேன், அடுப்புல வைக்காதீங்க.

— நீ சொல்ற சூடும் அழுத்தமும் பட்டா எல்லாக் கல்லும் மார்பிளாத்தான் ஆவுமா?

— இல்ல மாமா. எந்தக் கல்லு போவுதுங்கிறதைப் பொறுத்து இருக்கு. மணல்கல்லு போச்சுன்னா பயங்கர உறுதியா, கண்ணாடி மாதிரி ஒடையுற கல்லாயிரும். அதுலயும் மார்பிள்லயும் வரி இருக்காது. களிமண்ணு போச்சுன்னா கதை வேற. பஸ்ல நெரிசல்ல எல்லாரும் ஒரே பக்கமா ஒடுங்கி நிக்கிறாங்கல்ல, அந்த மாதிரி உள்ள இருக்கிறது எல்லாம் ஒரே பக்கமாப் படுத்துரும். அடுக்கு விழும். லேசா அழுத்துனா சிலேட்டு. இன்னும் ஆழம் போனா காக்காப்பொன் மின்னுற கல்லு. அதையும் தாண்டிப் போனா வெள்ளையும் கறுப்பும் வரி வரியா நைஸு. வரி உண்டா இல்லியா, அதை வச்சுத்தான் ரெண்டு சாதியாப் பிரிக்கிறோம்.

— சிலேட்டுன்னா, நாங்க பள்ளிக்கொடத்துக்கு எடுத்துட்டுப் போனமே, அதா?

— அதேதான். அடுக்கடுக்கா இருக்கும். தட்டுனா தகடு தகடாப் பிரிஞ்சுரும்.

— பிரிஞ்சுருமா. அப்ப எங்க வூட்டுப் பெரிய மருமவ ஹேமலதா சிலேட்டு. வந்த வருசமே பிரிஞ்சு போயிட்டா. என் தம்பி பொண்டாட்டி மினுக்குறவ, காக்காப்பொன்னு. எங்க பெரியக்கா இருக்கே, சுக்குநூறா ஒடையும், ஆனா வளையாது, அது மணல்கல்லு. ஏம்மா, உங்க படிப்பு நல்ல படிப்பாத்தான் இருக்கு! நான்கூட சும்மா கல்லப் பொறுக்குற வேலைன்னு நெனைச்சேன்.

— ஹேமலதா அக்கா இந்த அம்மியை மிதிச்சுத்தானே வந்தாங்க?

— வந்தா. இதே கல்லுதான். ஐயரு அதே வார்த்தைதான் சொன்னாரு. என் பெரிய மவன் காலைப் புடிச்சு வச்சான். ஆடி வரைக்கும் தாங்கல. சமையக்கட்டுல என்னா சண்டைன்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது. ரெண்டு பேரும் வேன்ல சாமானை ஏத்திகிட்டுத் தனிக்குடித்தனம் போயிட்டாங்க. பேரப்புள்ளையை வாட்சப்புல பாக்குறேன். நான் ஒண்ணும் கொறையா சொல்லல சுகன்யா. பயமா இருக்கும்மா. சின்னவன், உன் மாப்பிள்ளை கோகுலகிருஷ்ணனும் போயிட்டா அந்தப் பெரிய வூட்ல நாங்க ரெண்டு பேருதான். இவ பேச மாட்டா. நான் சொவத்தைப் பாத்துத்தான் பேசணும். அதுக்குத்தான் நீ மாறாம இருக்கணும்னு கேக்குறேன். தப்பா?

— தப்பில்ல மாமா. எனக்கும் பயம்தான். அவரை எனக்குப் புடிச்சிருக்கு. இந்தக் கல்யாணம் நின்னு போவக் கூடாதுன்னு காலையிலேருந்து சாமியைத்தான் வேண்டிகிட்டிருக்கேன். ஆனா மைக்குல, நாலு பேரு முன்னாடி, மாறாம இருப்பேன்னு கல்லு மேல நின்னு எப்புடி மாமா சொல்றது? உங்க வூட்டுக்கு வந்தா சூடும் இருக்கும், அழுத்தமும் இருக்கும். மாறத்தான் செய்வேன். ஒடைய மாட்டேன், உருக மாட்டேன். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்.

— அப்ப எங்க அம்மி வேணாங்கிற.

— வரி ஓடுன கல்லா ஒண்ணு இருந்தா பொய் சொல்லாம நிப்பேன். அது மாறியும் கல்லாவே இருக்குது பாருங்க.

— வரிக் கல்லுக்கு இப்ப எங்க போறது? வாரச்சந்தைக்கா? இரு, ஜன்னல் வழியாப் பாக்குறேன். அரியமுத்து! ஏங்க அரியமுத்து சம்மந்தி! உங்க லாரியில ஜல்லி இருக்கா? காலி வண்டியா? என்னாது? டயருக்கு முட்டுக் குடுத்த கல்லு ஒண்ணு கெடக்கா? வரி இருக்கா அதுல? வெள்ளையும் கறுப்புமா? எடுங்க அதை! எடுத்துட்டு வாங்க!

— மாமா, முட்டுக் கல்லை எடுத்தா லாரி...

— ஐயய்யோ! நகருது! லாரி நகருது! புடிங்கப்பா! ஓரமாப் போங்க எல்லாரும்!

— என்னாச்சு மாமா?

— ஒண்ணும் இல்லம்மா, பதறாத. லாரி தானா போயி வாழைமரத்துல சாஞ்சு நின்னுருச்சு. யாருக்கும் அடியில்ல. பிளக்ஸ் பேனருதான் கிழிஞ்சு போச்சு. அதுல பாதிக்கு மேல உன் மூஞ்சி இருக்கு, எம்மவன் மூஞ்சியைக் காணும். ஆனா ஒரு நல்லது பாரு, வேன் ரெண்டும் இனி போவ முடியாது. லாரி வழியில குறுக்க நிக்கிது.

— கல்லு வந்துச்சா?

— இந்தா, ஜன்னல்ல நீட்டுறாரு. யப்பா, என்னா கனம்! இந்தாம்மா, கையைக் குடு. எலுமிச்சம்பழம் வேணுமா?

— வேணாம். இது பொங்காது. அடடா, எவ்வளவு அழகா மடிஞ்சிருக்கு பாருங்க மாமா! இந்த வெள்ளை வரி பாம்பு மாதிரி நெளிஞ்சு போவுது பாருங்க. அழுத்தம் தாங்காம வளைஞ்சிருக்கு, ஒடையல. இது போதும் மாமா. நான் இது மேல நிக்கிறேன்.

— கொஞ்சம் இரும்மா. வரியெல்லாம் இருக்கு, நான் ஒண்ணும் கொறையா சொல்லல. ஆனா லாரி டயருக்கு முட்டுக் குடுத்த கல்லு. மண்டபத்து வாசல்ல கெடந்துச்சு, நாயிங்க வேற திரியுது. அது மேல எம்மருமவ கால வச்சு நிக்க, குட்டியானையில வந்த எங்க தாத்தன் அம்மி மூலையில குந்தியிருக்கிறதா? பங்காளிங்க முன்னாடி நான் தலையைத் தூக்கி நடக்க வேணாமா?

— அப்ப ரெண்டையும் வைப்போம்.

— ரெண்டு காலுக்கு ரெண்டு கல்லா?

— ஒண்ணு மேல ஒண்ணு மாமா. எங்க கல்லைத் தட்டையாப் போட்டு, அது மேல உங்க அம்மி. பூமிக்குள்ளயும் அப்புடித்தான் இருக்கு. அரியலூரு பக்கம் தோண்டிகிட்டே போனீங்கன்னா, உங்க சுண்ணாம்புக்கல்லு, நத்தை, கிளிஞ்சல் எல்லாத்துக்கும் அடியில எங்க வகைக் கல்லுதான் தாங்கிகிட்டு நிக்கிது.

— அதாவது மேல இருக்கிறது எங்க கல்லு?

— ஆமாங்க.

— கீழ இருக்கிறது உங்க கல்லு?

— ஆமாங்க மாமா.

— பூமாதேவியே அப்புடித்தான் வச்சிருக்கா? இதை நீ மொதல்லயே சொல்லியிருந்தா எலுமிச்சம்பழமும் மிச்சம், பேனரும் மிச்சம்! மாப்பிள்ளை வூடு மேல, பொண்ணு வூடு கீழ. பங்காளிங்க ஒரு பய வாயத் தொறக்க மாட்டான். ஆமா, அந்த நத்தைப் பக்கம்?

— அந்தப் பக்கத்தை சொவத்துப் பக்கமாத் திருப்பி, மாலையைப் போட்டு மறைச்சிருங்க.

— கெட்டிக்காரி! ஐயருகிட்ட என்னா சொல்லச் சொல்லணும்?

— "கல்லைப் போல இரு"ன்னு மட்டும் சொல்லட்டும். "மாறாம"ங்கிற ஒரு வார்த்தையை விட்டுரட்டும். நான் மிதிக்கிறேன்.

— ஒரு வார்த்தைதானே, கழட்டி விட்டுரச் சொல்றேன். நீ முந்தானையைச் சரி பண்ணிகிட்டு வா. ரத்தினம், பொண்ணைக் கூட்டியா. நேரமாச்சு. யோவ், நாதஸ்வரக்காரரே! ஊதுங்கய்யா! அம்மிக்கு ஒண்ணும் இல்ல, தெளிஞ்சுருச்சு!

— வாங்க அத்தை, போலாம்.

— அவரு போயிட்டாரா?

— படியெறங்கிட்டாரு அத்தை. ஏன்?

— கதவைச் சாத்திட்டு இப்புடி கிட்ட வா. மணிக்கணக்கா அந்த மனுசன்கிட்ட என்னாத்துக்கும்மா மல்லுக்கட்டுன? கோகுலகிருஷ்ணன் காலைப் புடிச்சு வைக்கயில உள்ளங்காலை ஒரு நூல் ஒசத்திக்க. பொடவைக் கொசுவம் மறைச்சுக்கும். மெட்டி போடுற பதட்டத்துல ஆம்பளைக்கு ஒண்ணும் தெரியாது. என் மாமியா கதவைச் சாத்திட்டு எனக்குச் சொன்னாங்க, அவங்க மாமியா அவங்களுக்குச் சொன்னாங்களாம். ஹேமலதாவுக்கு நான் சொன்னேன். இந்த வூட்டுக்கு வாழ வந்தவ ஒருத்தியும் அந்தக் கல்லை இன்னி வரைக்கும் மிதிச்சதே இல்ல.